கை மாறிய கடிகாரம்

“வாட்ச் ஒண்ணு வாங்கணும் சாமி. புதுசு வாங்கட்டுமா, செகண்ட் ஹேண்ட் வாங்கட்டுமா?”

உலகம்மாள் இப்படிக் கேட்டதும் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மடத்தில் முக்தியைப் பற்றிக் கேட்பார்கள். மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று கேட்பார்கள். கடிகாரத்தைப் பற்றி அதுவரை யாரும் கேட்டதில்லை.

சாமி மத்தியானச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

தென்காசிக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். சாமிக்கு நாற்பது வயது இருக்கும். உலகம்மாளைவிட இருபது வயது சின்னவர். உபதேசம் செய்யுங்கள் என்று உட்கார வைத்தால் கொட்டாவி விடுவார். காய் நறுக்கும்போது நன்றாகப் பேசுவார்.

“இப்ப எதுக்கு வாட்ச்?”

“ரிட்டயர் ஆயிட்டேன் சாமி.”

பக்கத்தில் இருந்த பிச்சுமணி சிரித்தார். அவரும் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்தான். காலமே ஒரு மாயை, அதிலும் வேலை முடிந்தவர்களுக்குக் கடிகாரம் எதற்கு என்று ஆரம்பித்தார். சாமி அவரிடம் மணி என்ன என்று கேட்டார். பிச்சுமணி சட்டென்று கையைத் திருப்பிப் பார்த்து, பதினொன்றே முக்கால் என்றார்.

அப்படியானால் உலை வைக்கச் சொல்லுங்கள் என்று அவரை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார் சாமி.

உலகம்மாள் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள். சேர்ந்த நாள் முதல் விடைபெற்ற நாள் வரை அதே வார்டுதான்.

பிள்ளை பிறந்ததும் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்னால் வாசலில் நிற்கிறவர்கள் கேட்பது, நேரம் என்ன என்பதைத்தான். ஜாதகம் எழுத வேண்டுமே. உலகம்மாள் மணிக்கட்டைப் பார்த்துச் சொல்வாள். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருடைய லக்னம் அவளுடைய மலிவுவிலைக் கடிகாரம் சொன்னதுதான். அதற்குள் தண்ணீர் போன நாளும் உண்டு, பேட்டரி ஓய்ந்து அது பின்தங்கி ஓடிய நாளும் உண்டு. பத்துப் பொருத்தமும் பார்த்துக் கல்யாணம் முடித்து நன்றாக இருக்கிறவர்களிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியுமா?

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி படிப்பு, அக்கா மகளுக்குச் சீர், அத்தானுக்கு வைத்தியம் என்று சம்பளம் வந்த வழியே போய்விடும். பிள்ளைகளும் அப்படித்தான். கையில் வாங்குவாள், துடைப்பாள், துணியில் சுற்றி யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிடுவாள். அவள் கைக்கு வந்த எதுவும் அங்கே தங்கியதில்லை.

அதற்காக அவள் வருத்தப்பட்டதும் இல்லை. ஒரே ஒரு பொருள்மேல்தான் ஆசை வைத்தாள்.

எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், சிக்கலான ஒரு பிரசவத்துக்காக வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். கை கழுவப் போகும்போது தன் கடிகாரத்தைக் கழற்றி உலகம்மாள் உள்ளங்கையில் வைத்தார். வைத்த மாத்திரத்தில் கை தாழ்ந்தது. அவ்வளவு கனம். நொடிமுள் துள்ளித் துள்ளி ஓடாமல், எண்ணெய் ஒழுகுகிற மாதிரி நகர்ந்தது. உலகம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. வேலை முடிகிற அன்றைக்கு இதை நமக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தாள்.

வேலை முடிந்தது. மாலை போட்டார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், காரில் வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பரிசாக நாலு சுவர்க்கடிகாரம் வந்தது. அவள் ஆசைப்பட்ட கடிகாரம் வேறு.

அதுதான் இப்போது சிக்கல். அவள் ஒதுக்கி வைத்த தொகைக்குப் புதிதாக வாங்கினால் அந்தக் கம்பெனியின் வேறொரு சின்னக் கடிகாரம்தான் கிடைக்கும். டாக்டரம்மா கட்டியிருந்த அதே ரகம் அந்தத் தொகைக்கு வேண்டுமென்றால் மதுரையில் ஒரு கடையில் இருக்கிறது. யாரோ கட்டிவிட்டு விற்றது. வெள்ளிக்கிழமை வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகப் போனில் சொல்லியிருந்தார் கடைக்காரர்.

வீட்டில் அக்கா செண்பகவல்லி ஒரே பிடியாக நின்றாள். புதுசு என்றால் பணத்தைக் கரியாக்குகிறாய் என்றாள். பழசு என்றால், செத்தவன் கையில் கிடந்ததோ, நொடித்துப்போனவன் விற்றதோ, அந்தப் பாவம் உன்னைப் பிடிக்கும் என்றாள். ஆக, எதையுமே வாங்காமல் இருந்துவிட்டால் குடும்பத்துக்கு நிம்மதி.

இவ்வளவையும் சொல்லிவிட்டு உலகம்மாள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

சாமி ஒரு கத்தரிக்காயைப் பிளந்து, புழு இருக்கிறதா என்று பார்த்தார்.

“நான் வாங்கவே வேண்டாம்னு சொன்னா?”

உலகம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வாங்குவேன் சாமி.”

“அப்ப பாதி முடிஞ்சிட்டு. ரெண்டையும் கையில கட்டிப் பாத்தியளா?”

அவள் இன்னும் கடைக்கே போகவில்லை. போனில் படம் பார்த்ததோடு சரி.

“போய்க் கட்டிப் பாத்துட்டு வாங்க” என்றார் சாமி.

மறுநாள் மதுரைக்குப் போனாள்.

புதுக் கடிகாரம் விற்கிற கடையில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட ஒரு ஆள் நின்றான். ஏசி குளிர்ந்தது. ஜூஸ் கொடுத்தார்கள். சின்னக் கடிகாரம் அவள் கையில் பாந்தமாகத்தான் இருந்தது. கடைப்பெண் அழகாக இருக்கிறது மேடம் என்றாள். உலகம்மாளும் ஆமாம் என்றாள். அதற்குமேல் அவள் மனதில் ஒன்றும் எழவில்லை.

பழைய கடிகாரம் இருந்த கடை ஒரு சந்தில், மாடியில். கடைக்காரர் மஸ்தான் துணியில் துடைத்து அதைக் கொடுத்தார். இதற்குப் பேட்டரி கிடையாது, கட்டியிருக்கிறவர் கை ஆடினால்தான் ஓடும், கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுவிடும் என்று விளக்கினார். பெட்டி இருந்தது, பில் இருந்தது, ஒரு வருஷம் உத்தரவாதமும் கொடுத்தார்.

உலகம்மாள் கட்டிக்கொண்டாள். கை தாழ்ந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வாரின் ஓரத்தில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. இதைக் கட்டியிருந்தவர் யார் என்று கேட்டாள். மஸ்தானுக்குத் தெரியவில்லை, வேண்டுமானால் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அக்கா சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. கழற்றி வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே மடத்தில் போய் நின்றாள். அன்றைக்கு வெண்டைக்காய்.

“எது?” என்றார் சாமி.

“பழசுதான் சாமி. கட்டினதுமே தெரிஞ்சிட்டு. ஆனா பயமா இருக்கு. யாரு கட்டுனதோ, என்ன பாவம் பண்ணிட்டுக் கழட்டுனாகளோ.”

அந்த நேரத்தில் முத்துச்செல்வி என்ற பெண் கைக்குழந்தையோடு உள்ளே வந்தாள். உலகம்மாள் வேலையிலிருந்த கடைசி மாதத்தில், அவள் கையில் பிறந்த பிள்ளைதான் அது. பேர் வைப்பதற்காகச் சாமியிடம் கொண்டுவந்திருந்தாள்.

தன் கையெல்லாம் வெண்டைக்காய்ப் பிசின், பிள்ளையைச் சிஸ்டரம்மாவிடம் கொடு என்றார் சாமி.

உலகம்மாள் வாங்கினாள். ஒரு கை தலைக்குக் கீழே தானாகப் போயிற்று. பிள்ளையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

“யாரைத் தேடுதிய?”

“யார்ட்ட குடுக்கணும்னு பாத்தேன் சாமி. பழக்கம்.”

“யார்ட்டயும் குடுக்காண்டாம். வச்சிருங்க.”

அவள் வைத்திருந்தாள். பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

சாமி வெண்டைக்காயை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“இது உங்க கைக்கு வந்த அன்னைக்கு, இந்த உயிர் முந்தின பிறவியில யார் உடம்புல இருந்துச்சு, என்ன பாவம் பண்ணுச்சுன்னு விசாரிச்சியளா?”

உலகம்மாள் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

“இல்ல சாமி.”

“ஒரு பிள்ளைக்காவது விசாரிச்சியளா?”

“இல்ல.”

“பிறகு என்னத்தத்தான் பாத்திய?”

இதற்கு அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

“மூச்சு விடுதான்னு பாப்பேன்.”

சாமி மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார்.

“அதைப் பாத்தாப் போதும்.”

உலகம்மாள் பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுத்து முத்துச்செல்வியிடம் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று பிச்சுமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

தங்கச்சி மதுரைக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்ததும் செண்பகவல்லியும் கூடவே பஸ் ஏறினாள். தடுத்தே தீருவது என்ற முடிவோடு வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். உலகம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கினாள்.

மஸ்தான் பெட்டியைத் திறந்தார். கடிகாரம் நின்றுபோயிருந்தது. நாலு நாளாக யாரும் தொடாமல் கிடந்ததல்லவா.

செண்பகவல்லிக்குத் தெம்பு வந்துவிட்டது.

“பாத்தியாட்டி? செத்துக் கிடக்கு. சகுனமே சரியில்ல, வா போவோம்.”

மஸ்தான் பதறிப்போய் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். முன்னால் வைத்திருந்தவர் யாரென்றும் விசாரித்து வைத்திருப்பதாகச் சொன்னார். உலகம்மாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். அது யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அழாமல் வந்த பிள்ளைகள் எத்தனையோ அவள் கையில் கிடந்திருக்கின்றன. அந்த நேரத்தில் அறை முழுக்கப் பதறும், அவள் மட்டும் பதற மாட்டாள்.

கடிகாரத்தை எடுத்து இடது உள்ளங்கையில் குப்புறக் கிடத்தினாள். வலது கையின் இரண்டு விரலால் அதன் முதுகில் தட்டினாள். புரட்டி, லேசாக ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் அவசரப்படவில்லை. இன்னொரு முறை ஆட்டினாள்.

நொடிமுள் நகர்ந்தது.

காதோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். உள்ளே மெல்லியதாக, விடாமல் கேட்டது. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு வந்ததில்லை. கடை என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையில் கட்டினாள்.

“ஏட்டி, யாருதுன்னு கூடத் தெரியாம கட்டுதியே” என்றாள் அக்கா.

“என்னோடதுக்கா.”