அரம் வழுக்கிய கத்தி

செங்கமலம் தானே கத்தி அடித்துச் சந்தையில் விற்பாள். பொம்பளை இரும்படிக்கிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர்கள்கூட அவளிடம் பேசுவதில்லை.

ஒருநாள் சந்தைக் குத்தகைக்காரர் வையாபுரி அவள் கடையில் கிடந்த அரத்தை எடுத்து அவள் கத்தியில் தேய்த்துப் பார்த்தார். அரம் வழுக்கியது. அவருக்கோ இரும்பைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"அரமே பிடிக்கல. மட்டமான கத்தி. கடையைக் காலி பண்ணு!"

"உங்க கத்தியில பிடிக்குமாங்கய்யா?"

"இது சீமைக் கத்திடி!" என்று இடுப்பிலிருந்து உருவி அதில் அரத்தை அழுத்தித் தேய்த்தார். இரும்புத்தூள் கொட்டியது.

"நல்லாவே பிடிக்குதுங்கய்யா. இன்னும் நாலு இழுப்புல கரண்டி ஆயிடும். அரம் தின்ன முடியாததுதான் கெட்டிக் கத்தி."

கூட்டம் சிரித்தது. வையாபுரி நழுவினார். கத்தி எல்லாம் விற்றுப்போச்சு.

செங்கமலம் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். நடந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். உள்ளே யாரும் இல்லை.