மௌனக்காரர் கடைசியில் வர வேண்டும்

"சாமி, எனக்கு ஒரு மந்திரம் வேணும்" என்றாள் சொர்ணவல்லி.

"எதுக்கும்மா?"

"மனசு அடங்க மாட்டேங்குது."

சாமி அவளைவிட வயதில் மிகவும் சின்னவர். அதனாலேயே ஊரில் அவருக்குச் சின்னச்சாமி என்று பெயர். கழிநல்லூர் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கும் பழைய சத்திரத்தில் ஓர் அறையில் இருந்தார். பிரசங்கம் செய்ய மாட்டார். விபூதி மந்திரித்துத் தர மாட்டார். அவள் பஸ் ஏறி வந்து சேர்ந்தபோது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அடங்காம என்ன பண்ணுது?"

சொர்ணவல்லி சொன்னாள்.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து நிற்கிறார். சொர்ணவல்லியின் ஓரகத்தி வேதநாயகி ஆரத்தித் தட்டோடு வருகிறாள். வேதநாயகிக்குப் புருஷன் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஆனாலும் மணப்பெண்ணை இடுப்பில் தூக்கிச் சோறூட்டி வளர்த்தவள் அவள்தான். அந்தத் தட்டை எடுக்க அவளைவிட உரிமைப்பட்டவள் யார்? சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி முன்னால் வந்தாள். "நீ தள்ளிக்கோ. சுமங்கலி யாராச்சும் எடுக்கட்டும்" என்று தட்டை அவள் கையிலிருந்து வாங்கிவிட்டாள்.

வேதநாயகி திரும்பிச் சொர்ணவல்லியைப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் சின்னச்சாமி.

"ஒண்ணும் சொல்லலை சாமி. கல்யாணம் நின்னுபோயிடுமோன்னு பயம்."

அதற்குப் பிறகு வேதநாயகி அவளோடு பேசவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தெரு. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேரன் பிறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. பொல்லாத ரோஷம் என்றார்கள் ஊரில். பொல்லாத ரோஷம்தான், நியாயமான ரோஷமும்கூட.

"கண்ணை மூடினா அவ பார்த்த பார்வைதான் வருது சாமி."

சின்னச்சாமி அரிவாள்மணையை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"ஒரு மண்டலம் மௌனம் இருங்க. முடியற அன்னிக்கு அமாவாசை வருது. கழிவலம் முடிச்சிட்டு நேரா இங்க வாங்க. மந்திரம் சொல்றேன்."

"ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாதா? மளிகைக்கடைக்காரன்கிட்டகூடவா? பேரன் போன்ல கூப்பிட்டா என்ன பண்றது? அவரு சட்டையைக் காணோம்னா—"

"ஆரம்பிச்சிடுங்களேன்" என்றார் சின்னச்சாமி.

சொர்ணவல்லி வாயை மூடிக்கொண்டாள்.

தெருவே சிரித்தது. வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு ஊரில் காட்டும் ஆளே அவள்தான். முதல் வாரம் அவள் புருஷன் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தார். பிறகு, வீடு வீடாகவே இல்லை என்று அக்கம்பக்கத்தில் புலம்பத் தொடங்கினார்.

அவள் அசையவில்லை. அந்த மந்திரம் கிடைத்துவிட்டால் ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று நம்பினாள். பாவம், தூக்கம் போய் வருஷக்கணக்காயிற்று.

அமாவாசை வந்தது.

மலை இருக்கிற ஊரில் மலையைச் சுற்றுவார்கள். கழிநல்லூரில் மலைக்கு எங்கே போவது? கோயிலுக்குக் கிழக்கே கடல் வரைக்கும் சேறும் கோரையும் உப்புத் தண்ணீருமாகக் கிடக்கிறது கழி. ஈஸ்வரன் ஒருகாலத்தில் அதில் இறங்கி நடந்தார் என்று ஐதீகம். ஆகவே ஜனங்கள் சேற்றைச் சுற்றுகிறார்கள்.

நல்ல நடை அது. கரைமேல் நிதானமாகப் போகலாம். இரண்டு பக்கமும் உமரிச்செடி சிவந்து கிடக்கும். நத்தைகுத்தி நாரைகள் ஆளைக் கண்டும் பறக்காமல் தங்கள் வேலையைப் பார்க்கும். பனங்கிழங்கு தின்றுகொண்டே பாதிப் பேர் சுற்றி முடித்துவிடுவார்கள்.

ஓடைவாய் ஒன்றுதான் சங்கடமான இடம். அங்கே கரை கிடையாது. முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும். அடியில் எங்கே கெட்டி, எங்கே கால் புதையும் உளை என்பது கடல் ஏறி இறங்கும் ஒவ்வோர் ஓதத்துக்கும் மாறும். அதனால் எல்லாரும் ஒற்றை வரிசையில் போவார்கள். முன்னால் போகிறவர் கம்பால் குத்திப் பார்த்துச் சொல்வார். கேட்டவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்குச் சொல்ல வேண்டும். யாரும் எந்த வார்த்தையையும் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூடாது.

மௌன விரதக்காரர்களுக்கு மட்டும் வேறு வழக்கம். அவர்கள் வரிசையில் கடைசியில் வர வேண்டும். பின்னால் ஆள் இல்லையென்றால் சொல்ல வேண்டியதும் இல்லை.

சொர்ணவல்லி கடைசியில் இறங்கினாள்.

பாதி ஓடை தாண்டியிருப்பாள். பின்னால் தண்ணீர் சலசலத்தது. திரும்பினாள்.

வேதநாயகி.

புருஷன் போனதிலிருந்து அமாவாசை தவறாமல் கழி சுற்றுகிறவள் அவள். இன்றைக்குப் பஸ் தாமதம். வேகமாக நடந்து வந்து, வரிசை போய்விடப் போகிறதே என்று தண்ணீரில் இறங்கிவிட்டாள். இறங்கிய பிறகுதான் முன்னால் போகிறவள் யார் என்று கண்டாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முன்னாலிருந்து சொல் வந்தது.

"எடப்பக்கம் உளை. சோத்துக்கைப் பக்கமா வாங்க."

சொர்ணவல்லிக்கு முன்னால் போன மனிதர் அதை அவளிடம் சொல்லிவிட்டுத் தன் பாட்டுக்கு நடந்தார்.

அவள் திரும்பிக் கையை ஆட்டினாள்.

வேதநாயகி தூரத்துப் பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இவள் பக்கம் பார்ப்பதில்லை என்பது வருஷக்கணக்காகக் காக்கும் விரதம். அதை ஓடைவாயிலா விடுவாள்?

சொர்ணவல்லி தண்ணீரை அடித்தாள். கையைத் தட்டினாள். வேதநாயகியின் தலை இன்னும் கொஞ்சம் திரும்பியது, அந்தப் பக்கமாக. போன அமாவாசைக்கு இடப்பக்கம் கெட்டியாக இருந்தது. அந்த நம்பிக்கையில் அவள் காலைத் தூக்கினாள்.

ஒரு மண்டலம். இன்னும் ஒரு அரைநாள். மந்திரம். தூக்கம்.

"வேதா, நில்லு."

தன் குரலே சொர்ணவல்லிக்கு அந்நியமாக இருந்தது. கரகரத்து, பாதி மூச்சாக வந்தது. வேதநாயகி திடுக்கிட்டுப் பார்ப்பதற்குள் கால் போய்விட்டது. தொடைவரை இறங்கினாள், பிறகு இடுப்புவரை.

"ஆட்டாதே, ஆட்டினா இன்னும் இழுக்கும். கையைக் குடு. என் கையைப் பிடிடி."

வேதநாயகி பிடித்தாள்.

சொர்ணவல்லி பின்னால் சாய்ந்து இழுத்தாள். சேறு லேசில் விடவில்லை. விட்டபோது இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். எழுந்து உட்கார்ந்தார்கள். அத்தனை நெருக்கத்தில் வேதநாயகியின் முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. காதோரம் முழுக்க நரைத்திருந்தது.

வேதநாயகி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்:

"இன்னிக்குப் பேசுற வாய் அன்னிக்கு எங்கேக்கா போச்சு?"

சொர்ணவல்லி வாயைத் திறந்தாள். அப்போதுதான் விரதம் நினைவுக்கு வந்தது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேதநாயகி அதைப் பார்த்தாள். எழுந்துகொண்டாள். மிச்ச வழி முழுக்க அவள் பின்னால் வந்தாள், இவள் முன்னால் போனாள்.

சத்திரத்துக்குள் சொர்ணவல்லி சேற்றுப் புடவையோடு வந்து உட்கார்ந்தாள்.

"சாமி, விரதம் போச்சு."

சின்னச்சாமி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன பேசினீங்க?"

"வேதா நில்லுன்னேன். கையைக் குடுன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

அந்தக் கேள்வியை அப்படியே சொன்னாள்.

"நீங்க?"

சொர்ணவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மிச்ச மௌனமாவது மிஞ்சட்டும்னு வாயைப் பொத்திக்கிட்டேன்."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நாளையிலேருந்து இன்னொரு மண்டலம் இருக்கேன் சாமி. இந்தத் தடவை தப்பு வராது. அப்ப மந்திரம் சொல்வீங்களா?"

அவர் எழுந்து போய் ஜன்னல் கதவைத் தள்ளினார். எதிரே கோயில் குளம். அதையொட்டி அவர்கள் ஊருக்குப் பஸ் நிற்கும் இடம். குளத்தின் மேல்படியில் வேதநாயகி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். புடவையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"நீங்க உள்ள வர்றப்ப ஒரு பஸ் வந்துச்சு" என்றார் சின்னச்சாமி. "இப்ப பேசிக்கிட்டு இருந்தப்ப இன்னொண்ணு வந்துட்டுப் போச்சு."

சொர்ணவல்லி ஜன்னலைப் பார்த்தாள்.

"அவங்க ஏறலை."