மச்சான்களுக்கு ஒரு மோட்டார் படகு

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பங்களா கட்டிய அருணகிரி முதலாளிக்கு உல்லாசப் படகு ஒன்று வாங்க ஆசை. மூத்த மைத்துனர் தணிகாசலம், தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் ஜெட் படகைக் கேட்டார். இளையவர் ஏகாம்பரமோ, படகின் அடிவயிற்றில் விசிறி சுழன்று தள்ளும் வி-டிரைவ் படகைக் கேட்டார். அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்த, அவர்களின் அக்காவான முதலாளியம்மா சமையலையே நிறுத்திவிட்டாள்.

பசியோடு முதலாளி படகோட்டி எத்திராசுவைக் கூப்பிட்டார். "எதை வாங்கலாம்னு நீயே சொல்லுடா. ஒரு மச்சான் முகம் கோணினாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது."

எத்திராசு மைத்துனர்களைப் பார்த்துக் கும்பிட்டான். "ரெண்டுமே நல்ல படகுதாங்க. ஜெட்டுல பாசி அடைச்சா, இறங்கிக் கையை விட்டு எடுக்கணும். வி-டிரைவ் மணல்திட்டுல சிக்கினா, இறங்கித் தள்ளணும். கேட்டவங்க இறங்கினாத்தானே மரியாதை?"

தணிகாசலம் தொண்டையைச் செருமினார். "யோசிச்சா, தம்பி சொன்ன வி-டிரைவே தேவலை."

"அதெப்படி? அண்ணன் கேட்ட ஜெட்டுதான் உசத்தி" என்றார் ஏகாம்பரம்.

எத்திராசு முதலாளியிடம் திரும்பினான். "ரெண்டு படகையும் ரெண்டு பேருமே கேட்டாச்சுங்க. எதை வாங்கினாலும் யாரும் குறை சொல்ல முடியாது."

"சரிடா, தண்ணியில இறங்குறது யாரு?"

"ரெண்டு பேரும்தான். நான் ஸ்டியரிங்கை விட்டுட்டு வர முடியாதுங்களே, மொதலாளி."

உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது.