மூன்றில் எந்தக் கருவி?

"மூணுல எதை எடுக்க, ஆசானே? நீங்களே சொல்லிருங்க," என்றார் ஏசுவடியான்.

ஆசான் என்றதும் தாடிக்காரக் கிழவரை நினைக்க வேண்டாம். பெயர் சுபிலா, முப்பது வயதுகூட ஆகவில்லை. நாகர்கோவிலில் ரஸ்ட் என்ற கணினி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மாடி அறையில் கூடுவார்கள். யார் சிக்கலைக் கொண்டுவந்தாலும் அவள் பிரித்துக் கொடுப்பாள். கேலியாக வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. கேட்டவருக்கோ ஐம்பத்தைந்து.

அவர் கேட்டது மனைவிக்காக.

மேபல், அவர்கள் சபையின் பாடகர் குழுவுக்கு வருடக்கணக்காக இசை கோத்தவள். போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையைக் கொண்டுபோயிற்று. பேச்சையும் பாதி கொண்டுபோயிற்று.

கணினித் திரையில் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வாத்தியம். பெட்டிக்குப் பெட்டி கம்பி இழுத்துவிட்டால் பாட்டு ஓடும். இடது கையே போதும். அப்படி ஒன்றைச் செய்து தருகிறேன் என்று ஈஸ்டரில் மேபலுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

இப்போது நவம்பர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மேபலை நம்பலாமா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று குழுவில் கேட்டுவிட்டார்கள். மனிதரோ, பெட்டியும் கம்பியும் வரைவதற்கு யார் யாரோ எழுதி இலவசமாகத் திறந்துவைத்த மூன்று கருவிகளை இன்னும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாவதை எடுங்க, அண்ணாச்சி."

அது சும்மா விரலை அசைத்தாலும் திரை முழுவதையும் திரும்ப வரைகிறதாம். பத்தாயிரம் பெட்டி போட்டுப் பார்த்தாராம், திணறியதாம். பத்தாயிரம் பெட்டிப் பாட்டை எந்தச் சபை பாடும் என்று சுபிலா கேட்கவில்லை.

"அப்ப ரெண்டாவது."

அது வரையும், ஆனால் பாட்டை ஓட்டாது. ஓட்டுகிற வேலையை நாமேதான் எழுத வேண்டும்.

"மூணாவது."

அது வரையும், ஓட்டும். ஆனால் எழுதியவர் ஏழெட்டு மாதமாக யாருக்கும் பதில் சொல்வதில்லை. நாளைக்கு அப்படியே கைவிட்டுப் போய்விட்டால்? ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

பஜ்ஜி சொஜ்ஜியைத் தின்றுவிட்டு, பெண்ணுக்கு மூக்கு சரியில்லை என்று எழுந்து வருவார்களே மாப்பிள்ளை வீட்டார், அதே கதைதான்.

பிறகு அவர் பெருமையோடு மடிக்கணினியைத் திறந்தார். மூன்றையும் எடைபோடுவதற்கென்றே ஒரு கருவி செய்திருந்தார். அதுவும் பெட்டியும் கம்பியும்தான். 'வேகம்' ஒரு பெட்டி, 'உரிமம்' ஒரு பெட்டி, 'பராமரிப்பு' ஒரு பெட்டி. கம்பி எல்லாம் கடைசிப் பெட்டிக்குப் போய் மதிப்பெண் ஆகும். வேகத்தைக் கூட்டினால் ஒன்று ஜெயித்தது, உரிமத்தைக் கூட்டினால் வேறொன்று ஜெயித்தது.

சுபிலா ரசித்துத்தான் பார்த்தாள்.

"இதை எதுல செஞ்சீங்க?"

"முதலாவதுல."

"அது ஏன்?"

"அதுதான் அப்ப கையில இருந்துது. எனக்கு அவசரம்."

சொல்லி முடித்ததும் அவருக்கே காது சுட்டது.

"மதினி இதையாவது தொட்டுப் பாத்தாங்களா?"

ஏசுவடியான் மடிக்கணினியை மெல்ல மூடினார். இத்தனை மாதமும் அவர் நெஞ்சில் கிடந்தது பயம், வேறொன்றுமில்லை.

"குடுத்து, அவளால முடியலன்னா? அதுக்கப்புறம் அவகிட்ட சொல்ல எங்கிட்ட என்ன இருக்கு?"

சுபிலா எழுந்தாள். மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினாள். ஸ்கூட்டரைக் கிளப்பி, பின்னால் ஏறச் சொன்னாள்.

வீட்டில் மேபல் ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். சுபிலா கணினியைத் திறந்து அவள் மடியில் வைத்தாள். இது பாட்டுக்கானது இல்லை, வெறும் மதிப்பெண் போடுகிறது என்று விளக்க ஏசுவடியான் வாயெடுத்தார். சுபிலா அவரைக் கையமர்த்தினாள்.

மேபல் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இடது கை விரலால் 'வேகம்' பெட்டியிலிருந்து ஒரு கம்பியை இழுத்தாள். பாதியில் நழுவியது.

ஏசுவடியானுக்குப் பார்க்க மனம் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுபடி திரும்பியபோது கம்பி 'உரிமம்' பெட்டியில் போய் ஒட்டியிருந்தது. வேகத்துக்கும் உரிமத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் கச்சிதமாக ஒட்டியிருந்தது.

மேபல் விரலை எடுத்தாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். வார்த்தை வர நேரமாயிற்று.

"சத்தம் எங்க?"