டி போட்டால் கோபித்துக்கொள்ளும் கார்

பூவராகன் சார் பொய் சொல்வார்னு நான் சொல்ல மாட்டேன். உண்மை அவர் வாயிலேர்ந்து வெளியே வர்றதுக்குள்ளே கொஞ்சம் சதை போட்டுடும், அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல இருக்கார். மேடவாக்கத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் வரைக்கும் தினமும் அவர் கார்லதான் நான், தெய்வநாயகி, பெலிக்ஸ் மூணு பேரும் போவோம். பெட்ரோலுக்குப் பங்கு குடுத்தாக்கூட வாங்க மாட்டார். வழி முழுக்க அவர் விடற கதையைக் கேட்டாப் போதும்.

கொஞ்ச நாளா அந்தக் காருக்கு கியர் தகராறு. ஆட்டோமேட்டிக் வண்டி, கிளட்ச் கிடையாது. முன்னால போகணும்னா குச்சியை டி-ங்கற எழுத்துக்கு நேரா வைக்கணும், பின்னால போக ஆர். இவர் டி-ல போட்டா இன்ஜின் கத்தும், வண்டி நகராது. நாம அலுத்துப்போய் சாஞ்சு உக்காரும்போது திடீர்னு ஒரு உதை உதைச்சுக் கிளம்பும். இதனால லேட்டாப் போய் தெய்வநாயகி மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா. நான் சொல்ற அன்னிக்குக் காலையில பாலத்து மேலேயே நின்னுபோய், மூணு பேரும் இறங்கித் தள்ளினோம்.

திங்கக்கிழமையிலேர்ந்து ஆபீஸ்லயே பஸ் விடறதா இருந்தாங்க. அன்னிக்கு மத்தியானம் டீக்கடையில பெலிக்ஸ்தான் மென்னு முழுங்கி விஷயத்தைச் சொன்னான், நாங்க மூணு பேரும் பஸ்ஸுக்கு மாறப் போறோம்னு. பூவராகன் சார் முகம் அப்படியே தொங்கிப்போச்சு. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பேச ஆள் இல்லாம தனியா ஓட்டினா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்யா, என்னை விட்டுட்டுப் போயிடாதீங்கன்னு வெளிப்படையாவே கெஞ்சினார். எனக்கே கஷ்டமாப் போச்சு.

அப்புறம் டீயை ஒரு வாய் குடிச்சார். தெம்பு வந்துடுச்சு.

"இந்த வண்டி மக்கர் பண்றது இது முதல் தடவையா என்ன? முன்னாடியே ஒரு தடவை பண்ணுச்சு. நானே சரி பண்ணினேன்" என்றார்.

பெலிக்ஸ் என்னைப் பார்த்தான். நான் இன்னொரு வடை வாங்கிக்கிட்டேன். சார் ஆரம்பிச்சார்.

நீங்கள்லாம் ஆபீஸ்ல சேர்றதுக்கு முன்னாடி நடந்தது. ஒரு நாள் காலையில டி போடறேன், வண்டி அசையல. மெக்கானிக் வந்தான், கியர்பாக்ஸை இறக்கணும்னான். இன்னொருத்தன் வந்தான், ஆயில் கெட்டுப்போச்சுன்னான். எல்லாரையும் அனுப்பிட்டு, பானெட்டைத் திறந்து காதை வச்சுக் கேட்டேன். உள்ளே விசும்பற சத்தம். சர்வீஸ்காரன் காதுக்கெல்லாம் அது கேக்காது, என் காதுக்குக் கேட்டுது. என்னம்மா ஆச்சுன்னு கேட்டேன். விசும்பல் ஜாஸ்தியாச்சு. அப்பத்தான்யா எனக்கு உறைச்சுது. இத்தனை வருஷமா விடிஞ்சா எழுந்திரிச்சா அதுக்கு நான் டி போட்டுக்கிட்டிருக்கேன். வீட்டுல கட்டின பொண்டாட்டியை ஒரு நாள் டி போட்டுப் பேசிட்டு ராத்திரி சோறு கிடைக்குமான்னு பாருங்க. அதுக்கும் மானம் ரோஷம் இருக்காதா?

தெய்வநாயகி சிரிக்கவே இல்ல. "ஊர்ல எல்லாரும்தான் சார் டி போடறாங்க. மத்த வண்டியெல்லாம் போகுதே?" என்றாள்.

"அதெல்லாம் சொரணை கெட்ட வண்டிம்மா" என்று சொல்லிட்டு சார் மேலே போனார்.

காரணம் புரிஞ்சாலும் அன்னிக்கு ஆபீஸ் போயாகணுமே. கோபம் தணியறவரைக்கும் டி கேக்காது. ஆர் மட்டும் கேக்குது. சரின்னு ரிவர்ஸ்லயே விட்டேன். மேடவாக்கத்துலேர்ந்து சோழிங்கநல்லூர் வரைக்கும், கழுத்தைத் திருப்பின வாக்குல. வழியில டிராபிக் போலீஸ் நிறுத்தினார். எங்கே போறீங்கன்னார். வீட்டைப் பார்த்துக்கிட்டு ஆபீஸ் போறேன்னேன். எந்தச் சட்டத்துல பிடிக்கிறதுன்னு அவருக்குப் புரியல, சல்யூட் வச்சு அனுப்பிட்டார்.

பெலிக்ஸ் வாயில இருந்த டீயைத் துப்பிட்டான். அதைப் பார்த்ததும் சாருக்கு உற்சாகம் ஏறிடுச்சு. பக்கத்துல டீ குடிச்சிக்கிட்டிருந்த பெயின்டர் ரெண்டு பேரு, அவங்களும் பெஞ்சை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டாங்க.

ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன் தம்பி. ரிவர்ஸ்லயே போறதால, ஓடின கிலோமீட்டரைக் காட்டற மீட்டர் குறைய ஆரம்பிச்சுது. சரிதான்னு பார்த்தா பெட்ரோல் முள்ளு மேலே ஏறுது. பங்க்ல போய் நிறுத்தி, டேங்க் வழியுது, கொஞ்சம் எடுத்துக்கோங்கன்னேன். கதவுல இருந்த கீறல் எல்லாம் ஒண்ணொண்ணா மறைஞ்சுது. எனக்கே இந்தக் காதுப் பக்கம் நரை போயிடுச்சுன்னா பாருங்களேன். வீட்டுல இறங்கினா என் சம்சாரம் கண்ணு கூசுதுங்கறா.

"அந்த முடி இப்ப எங்கே சார்?" என்று தெய்வநாயகி அவர் வழுக்கையைப் பார்த்தாள்.

"அப்புறம் முன்னால ஓட்ட ஆரம்பிச்சேன் இல்ல? போயிடுச்சு" என்றார் சார், கொஞ்சம்கூட அசராம.

கடைசியில ஒரு நாள் மீட்டர் சைபருக்கு வந்துடுச்சு. அதுக்கு மேல குறைய இடம் இல்ல. வண்டி தானாவே என்னை ஷோரூமுக்குக் கொண்டுபோய் நிறுத்திடுச்சு, பின்பக்கமா. அங்கே இருந்தவங்க புது வண்டின்னு நினைச்சு மாலை போட்டு, சாவி குடுக்கற மாதிரி போட்டோ எடுத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சாங்க. நீங்கள்லாம் முன்னால ஏத்தி நசுக்குவீங்க. நான் பின்னால இல்ல போகணும்? பக்கத்து வண்டிக்காரன் நசுக்கிப் போட்டிருந்த பழம் என் டயர் பட்டதும் கப்புன்னு முழுசாயிடுச்சு. அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறுகாய் போட்டோம்.

பெயின்டர்ல ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார். போதும் சார், வயிறு வலிக்குதுன்னார். நானும் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்கார்ந்திருந்தேன்.

அதுக்கப்புறம்தான்யா எனக்கும் வண்டிக்கும் சமாதானம். ஷோரூம் வாசல்லயே ஸ்டியரிங்கைத் தொட்டு, அம்மா, இனிமே மரியாதையா நடந்துக்கறேன்னேன். நடுவுல நியூட்ரலுக்கு இருக்கற என்-ல போட்டேன். என்னன்னு கேட்டுது. புறப்படுங்களேன்னேன். அவ்வளவுதான், டி-ல போட்டது எனக்கே தெரியல, தயிர்ல கத்தி இறங்கற மாதிரி நழுவிக்கிட்டுப் போச்சு பாருங்க. ஏதோ இப்ப நாலு நாளா அவசரத்துல நான் மரியாதையை மறந்துட்டேன். அதனாலதான் பாலத்து மேல நின்னுது. நாளைக்கே மன்னிப்பு கேட்டுடறேன். இந்த நேரம் பார்த்து நீங்க மூணு பேரும் பஸ்ல போனா அது என்ன நினைக்கும்?

சொல்லிட்டு எங்க மூணு பேர் முகத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தார். குரல் கடைசியில கொஞ்சம் இறங்கிடுச்சு. அது என்ன நினைக்கும்னு அவர் கேக்கல, நான் என்ன பண்ணுவேன்னுதான் கேட்டார்.

தெய்வநாயகி கிளாஸைக் கீழே வச்சா. "சார், பஸ்ஸுக்குக் காலையிலேயே பேர் குடுத்தாச்சு" என்றாள்.

சார் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"நாலு பேர் பேரு. உங்களதையும் சேர்த்துத்தான். கியர்பாக்ஸை ஒழுங்கா இறக்கிப் பார்க்கறவரைக்கும் நீங்களும் எங்களோட பஸ்லதான் வர்றீங்க."

அவர் நிமிர்ந்தார். எனக்கும் பெலிக்ஸுக்குமே அது அப்பத்தான் தெரியும். இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா, இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேனேன்னார். சொல்லியிருந்தா இந்தக் கதை கிடைச்சிருக்குமான்னு தெய்வநாயகி திருப்பிக் கேட்டா. அப்பத்தான் அவ சிரிச்சதை நான் பார்த்தேன்.

பூவராகன் சார் கிளாஸைக் காலி பண்ணினார். காரை அடியோட மறந்துட்டார்னு முகத்துலயே தெரிஞ்சுது.

"ஏம்மா, அந்த பஸ்ல எத்தனை சீட்டு?"

"அம்பது."

"அம்பதும் நிறையுமா?"

"நிறையும் சார். டிரைவர்கிட்ட மட்டும் பேச்சு குடுத்துடாதீங்க, நாங்க ஆபீஸ் போய்ச் சேரணும்."