ஆளில்லாத இடத்துக்கு எறிந்த பந்து

ஜாரெல் ஓடினால் காற்றே ஒதுங்கி வழிவிடும் என்பார்கள் அவன் ஊரில்.

அமெரிக்காவின் தெற்கே, நிலக்கடலை விளையும் சின்ன ஊர் அது. அவன் அம்மா அங்கே பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினாள். தெருவில் போகிறவர்கள் அவளை நிறுத்தி, "உன் மகன் பெரிய அணியில் ஆடுவான் பார்" என்பார்கள். ஒருநாள் அது நடந்தும் விட்டது. வடக்கே, ஏரிக்கரையில் இருக்கும் பெருநகரத்தின் தொழில்முறை அணி அவனைத் தேர்ந்தெடுத்தது.

அவர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அல்ல. அந்தப் பந்து இரண்டு முனையிலும் கூர்ந்திருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. ஒருவர் கையால் எறிவார். இன்னொருவர் எதிராளிகளுக்கு நடுவே புகுந்து ஓடிப்போய்ப் பிடிப்பார். களத்தில் எறிபவர் ஒருவர்தான். பிடிப்பவர்கள் சிலர். ஜாரெல் பிடிப்பவன்.

கல்லூரியில் அவனுக்கு ஆட்டம் எளிதாக இருந்தது. எதிராளியை விட்டு விலகி ஓடுவான். கையை உயர்த்திக் காட்டுவான். அதன் பிறகு பந்து வரும். பிடித்துக்கொண்டு பறப்பான்.

இங்கே முதல் நாள் பயிற்சியிலேயே பந்து அவன் ஹெல்மெட்டில் வந்து மோதியது.

அவன் திரும்புவதற்கு முன்பே அது வந்திருந்தது. ஹெல்மெட்டுக்குள் மணி அடித்தது போல இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் மெர்சர். மலை போன்ற உடம்பு. குரல் மட்டும் மெல்லியது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் பேசத் தொடங்கினால் ஆட்டக்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் கேட்பார்கள்.

ஜாரெலும் கழற்றினான்.

"பாதை உனக்குத் தெரியுமா?" என்றார் மெர்சர்.

"தெரியும் கோச். நேரே ஓட வேண்டும். கோட்டைத் தாண்டியதும் உள்பக்கம் வெட்டித் திரும்ப வேண்டும்."

"திரும்பினாயா?"

"திரும்பினேன். அதற்குள் பந்து வந்துவிட்டது."

"அது சரியான நேரத்தில்தான் வந்தது" என்றார் மெர்சர்.

மறுநாளிலிருந்து ஜாரெல் எச்சரிக்கையானான். ஓடும்போதே தலையைத் திருப்பிப் பந்து புறப்பட்டதா என்று பார்த்தான். பந்து ஹெல்மெட்டில் மோதுவது நின்றது. ஆனால் வேறொன்று நடந்தது. அவனைத் தடுக்க நிற்பவர்கள் ஒவ்வொரு முறையும் அவனுக்கு முன்பே அந்த இடத்துக்குப் போய் நின்றார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒருவர் தண்ணீர் குடிக்கும்போது அவன் முதுகில் தட்டினார்.

"தம்பி, நீ எங்கே திரும்பப் போகிறாய் என்று உன் கழுத்து எனக்குச் சொல்லிவிடுகிறது. அதற்கு நன்றி."

முதல் ஆட்டம் வந்தது. அரங்கம் நிரம்பி வழிந்தது. இத்தனை மனிதர்களை ஜாரெல் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அவர்கள் எழுந்து நின்று கத்தியபோது காலடியில் தரை நடுங்கியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் அவன் பாதைக்குப் பந்து வர வேண்டியிருந்தது. ஓடினான். மனம் கேட்கவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தான். பார்த்த அந்தக் கணத்தில் கால் சற்றே தளர்ந்தது. பந்து அவன் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராகப் போயிற்று. அங்கே அவன் இல்லை. எதிரணிக்காரன் இருந்தான். பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

அத்தோடு ஆட்டம் கைவிட்டுப் போனது.

தன் அணியின் பக்கம் திரும்பிப் பார்த்தான் ஜாரெல். பந்தை எறிந்த டோலன் இரண்டு பேருக்கு அடியில் கிடந்தார். அவர்கள் எழுந்த பிறகு மெதுவாக எழுந்தார். விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஜாரெலைத் தாண்டிப் போகும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அம்மா தொலைபேசியில் அழைத்தாள்.

"ஆட்டம் பார்த்தாயா அம்மா?"

"பார்த்தேன். சாப்பிட்டாயா?"

"இனிமேல்தான்" என்றான்.

அடுத்த வாரம் அவனை வெளியே உட்கார வைத்தார்கள். அவன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்கள் என்று பேச்சு வந்தது. இந்த ஆட்டத்தில் அப்படி அனுப்பப்பட்டவர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. ஜாரெலுக்கு அது தெரியும்.

பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் மெர்சரிடம் போனான். அவர் களத்தில் சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோச், ஒன்று கேட்க வேண்டும்."

"கேள்."

"முழு வேகத்தில் ஓடு, சொன்ன இடம் வரும்வரை திரும்பாதே என்கிறீர்கள். பந்து எனக்கு வருகிறதா, இன்னொருவருக்குப் போகிறதா என்று தெரியாமல் எப்படி ஓடுவது? ஒரு கணம் பார்த்துவிட்டால் மனம் நிம்மதியாகிவிடும். பார்க்காமல் எப்படி முடியும்?"

மெர்சர் கையிலிருந்த பந்தைப் பையில் போட்டார்.

"நாளை நீ ஓட வேண்டாம்."

"என்னை அனுப்பிவிட்டீர்களா?"

"டோலனுக்குப் பின்னால் வந்து நில்."

மறுநாள் போய் நின்றான். அவன் சிறுவயதிலிருந்தே பந்து பிடித்தவன். எறிபவருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை.

டோலன் அப்படியொன்றும் உயரமானவரல்ல. தாடியில் நரை தட்டிவிட்டது. காலையில் விலாவில் பட்டை கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். பந்து அவர் கைக்கு வந்தது. அவ்வளவுதான், அவருக்கு முன்னால் ஒரு சுவர் எழுந்தது. இரு பக்கத்து ஆஜானுபாகுவான ஆட்கள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளினார்கள். தோள்களும் ஹெல்மெட்டுகளும் உயர்ந்த கைகளுமாக அந்தச் சுவர் அவரை நோக்கி நகர்ந்து வந்தது.

ஜாரெல் எட்டிப் பார்த்தான். எக்கிப் பார்த்தான். பிடிக்க ஓடியவர்கள் யாரும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

டோலன் எறிந்தார். பந்து சுவரின் தலைக்கு மேலே சுழன்றுகொண்டு போய் மறைந்தது.

பயிற்சி முடியும்வரை அங்கேயே நின்றான். ஒருமுறைகூட அவனுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

மெர்சர் வந்தார்.

"என்ன பார்த்தாய்?"

"முதுகுகளைப் பார்த்தேன். வேறொன்றும் தெரியவில்லை."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜாரெலுக்கு அது போதவில்லை. ஆட்டத்தில் ஊறியவரின் கண்ணுக்கு மட்டும் ஏதாவது இடைவெளி தெரியுமோ என்னவோ. டோலனிடமே கேட்டான்.

"நான் ஓடும்போது உங்களுக்கு என்னைத் தெரியுமா?"

டோலன் கைமுட்டியில் ஐஸ் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"உன்னையா? கிளம்பும்போது தெரியும். அப்புறம் தெரியாது."

"பிறகு எதைப் பார்த்து எறிகிறீர்கள்?"

"நீ வர வேண்டிய இடத்தை."

"அங்கே ஆளே இல்லாதபோதா?"

"ஆள் வந்த பிறகு எறிந்தால் பிந்திவிடும் தம்பி."

இத்தனை நாளும் ஜாரெல், டோலன் தன்னைப் பார்த்துத்தான் எறிகிறார் என்று நினைத்திருந்தான். பார்க்காமல் ஓட வேண்டியவன் தான் மட்டுமே என்று நினைத்திருந்தான்.

அந்த வார ஆட்டத்தன்று மழை தூறியது. வெளியே உட்கார்ந்திருந்த ஜாரெலின் பக்கத்தில் மெர்சர் குனிந்தார்.

"பந்தைப் பார்க்காதே. டோலனை மட்டும் பார்."

ஆட்டம் நடக்கும்போது பந்தைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடியது. இழுத்துப் பிடித்து டோலனிடம் கொண்டு வந்தான்.

டோலன் பந்தோடு பின்னால் நகர்ந்தார். சுவர் உடைந்தது. பக்கவாட்டிலிருந்து ஒருவன் முழு வேகத்தில் அவர்மேல் பாய்ந்து வந்தான். அவன் வருவது டோலனுக்குத் தெரிந்தது. விலகியிருக்கலாம். விலகினால் எறிய முடியாது. நின்ற இடத்தில் நின்று, கையை முழுவதும் நீட்டி எறிந்தார். பந்து விரலை விட்ட அதே கணத்தில் அவன் வந்து மோதினான். டோலன் மல்லாந்து விழுந்தார். அவன் அவர்மேல் விழுந்தான்.

எறிந்த பந்து என்னவாயிற்று என்று பார்க்க அவரால் முடியவில்லை. வானமும் மழையும்தான் அவர் கண்ணெதிரே இருந்தன.

அவர் அசையாமல் கிடந்தார். காது கொடுத்துக் கேட்கிறார் என்று ஜாரெலுக்குப் புரிந்தது.

அரங்கம் ஆர்ப்பரித்தது. தரையில் கிடந்த டோலனின் முகத்தில் சிரிப்பு வந்தது. மேலே கிடந்தவனின் தோளைத் தட்டி, "எழுந்திருப்பா" என்றார்.

இன்னொரு முறை எறிந்தார். இன்னொரு முறை விழுந்தார். இம்முறை அரங்கம் ஓசையின்றிக் கிடந்தது. அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். எழுந்து போனார்.

ஜாரெல் எழுந்தான். கோவிலுக்குள் ஓசைப்படாமல் நிற்கிறவனைப் போல நின்றான். இந்த மனிதர் பல வருடமாக இதைச் செய்கிறார். தன் உடம்பைக் கொடுத்துவிட்டு, யாருமில்லாத வெற்றிடத்துக்கு ஒரு பொருளை அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்பதை மற்றவர்களின் குரலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்.

முதல் ஆட்டத்தில் அவர் கேட்ட அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நினைக்க முடியவில்லை.

ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் பிடிப்பவர் ஒருவருக்குக் கணுக்கால் மடங்கியது. தூக்கிக்கொண்டு வந்தார்கள். மெர்சர் ஜாரெலைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

உள்ளே போனான்.

முதல் ஓட்டம். தலையைத் திருப்பாமல் ஓடினான். சொன்ன இடத்தில் வெட்டித் திரும்பினான். பந்து வரவில்லை. அது வேறொருவருக்குப் போயிருந்தது.

மீண்டும் ஓடினான். திரும்பினான். மழைதான் முகத்தில் அடித்தது.

அதற்கடுத்தும் அப்படியே. ஒவ்வொரு முறையும் கடைசி ஓட்டம் போல ஓடினான். கழுத்து திரும்பத் துடித்தது. சுவருக்குப் பின்னால் நிற்கும் அந்த ஆளை நினைத்துக்கொண்டான். கழுத்து அடங்கியது.

அவன் அணி இன்னும் பின்தங்கித்தான் இருந்தது. நேரம் தீர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் தலை சேர்த்து நின்றபோது டோலன் அடுத்து யார் எங்கே ஓட வேண்டும் என்று சொன்னார். ஜாரெலின் பக்கம் பார்க்கவே இல்லை.

ஓடினான். எதிராளி அவன் தோளோடு தோளாக ஓடி வந்தான். அவன் கண் ஜாரெலின் கழுத்தின்மேல் இருந்தது. கழுத்து ஒன்றும் சொல்லவில்லை. கோடு வந்தது. ஜாரெல் காலை ஊன்றி வெட்டித் திரும்பினான். எதிராளி இரண்டு எட்டு தாண்டிப் போய்விட்டான்.

பந்து அங்கே இருந்தது.

வந்தது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில், நெஞ்சுக்கு நேராக, மழைக்குள் சுழன்றுகொண்டு அது ஏற்கெனவே இருந்தது. பல காலமாக அங்கே அவனுக்காகக் காத்திருந்தது போல இருந்தது. அவன் புறப்பட்டபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. பந்து புறப்பட்டபோதும் வெறுமையாகத்தான் இருந்தது. இப்போது இரண்டும் அங்கே இருந்தன.

கைகள் தாமாக மூடிக்கொண்டன.

மூன்று பேர் சேர்ந்துதான் அவனைக் கீழே தள்ளினார்கள். சேற்றில் முகம் பட விழுந்தான். அரங்கம் இடி போல முழங்கியது. தலையைத் தூக்கித் தூரத்தில் பார்த்தான். அங்கே ஆட்கள் குவிந்து கிடந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, விரல்களை மடக்கி, தரையை ஒருமுறை தட்டியது.

அடுத்த முறை வேறொருவர் பந்தைச் சுமந்துகொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டினார். அணி வென்றது. ஜாரெலை அனுப்பும் பேச்சு அதோடு அடங்கியது.

உடை மாற்றும் அறையில் டோலன் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு கையால் சட்டையைக் கழற்றப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். ஜாரெல் போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டான்.

"நான் சரியாக அங்கே வந்து சேர்வேன் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"தெரியாது" என்றார் டோலன்.

விளையாட்டாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தான். அவர் குனிந்து காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஜாரெல் வெளியே வந்தான். அரங்கம் காலியாகிவிட்டது. மெர்சர் களத்தின் ஓரத்தில் மழையில் நனைந்தபடி நின்றிருந்தார்.

"கோச், அவருக்குத் தெரியாதாம்."

"எது?"

"நான் அங்கே இருப்பேன் என்று. போன முறை நான் அங்கே இல்லை. அதற்காக அவர் விலாவில் அடி வாங்கினார். இன்றும் அடி விழும் என்று தெரியும். நான் வருவேனா என்று மட்டும் தெரியாது. தெரியாமலே எறிந்திருக்கிறார்! ஒரு மனிதரால் அது எப்படி முடிகிறது?"

மெர்சர் அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ மட்டும் தெரிந்துகொண்டா திரும்பினாய்?"