துபாஷியை விலக்கிய தூதர்

காரைக்காலில் கப்பற்பாய் தைத்துவந்த சூசையுடையாரிடம் 1974 மாசியில் கேட்டது. அவர் சொன்ன வரிசை மாற்றப்படவில்லை.

பேராசான் வெண்காடர் பஞ்சம் பிழைக்கக் கடல் தாண்டித் தீவுக்குப் போனவர். அங்குள்ள கல்விச்சாலையில் தம் தாய்மொழியை முப்பது ஆண்டுகள் கற்பித்தார். அவரோடு அம்மொழியில் பேசியவர்கள் எல்லாரும் தேர்வுக்காகப் பேசியவர்கள். அவர்களுள் தேர்ந்தவர் குசலர். தீவில் பிறந்தவர், ஆசானைவிட ஐந்து வயதே இளையவர்.

எல்லை மீறி வந்ததாகத் தீவின் மாலுமிகள் பன்னிருவரை வெண்காடர் பிறந்த நாட்டு மன்னர் சிறைபிடித்தார். தீவின் அரசி வெண்காடரையே தூதராக்கி அனுப்பினாள். பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷியாகக் குசலர் உடன் போனார்.

தூதர் தம்மை அனுப்பியவரின் மொழியில்தான் பேசவேண்டும். எதிர்நாட்டு மொழியில் வாய் திறந்தால் அக்கணமே அவர் தூதர் அல்லர். இரு நாட்டுக்கும் இது பொதுவழக்கு.

சபையின் ஓரத்தில் மாலுமிகள் சங்கிலியோடு நின்றனர். வெண்காடர் தீவின் மொழியில் முறையீட்டைச் சொன்னார். குசலர் பெயர்த்தார். மன்னருக்குச் சிரிப்பு வந்தது.

"எங்கள் ஊர்ச் சோறு மறந்துபோயிற்றா என்று உங்கள் தூதரைக் கேளும்."

குசலர் ஆசான் பக்கம் திரும்பினார். "பயணம் சுகமா என்று கேட்கிறார்."

"அவர் சொன்னதைச் சொல், குசலா. நான் உனக்கு இப்படியா கற்றுக்கொடுத்தேன்?"

குசலர் தலை நிமிராமல் சொன்னார்.

மன்னர் முன்னால் சாய்ந்தார். "ஓய் வாத்தியாரே, நடுவில் இந்த ஆள் எதற்கு? உம் தாய் பேசிய மொழியில் ஒருமுறை கேளும். பன்னிரண்டு பேரையும் இப்போதே விடுகிறேன். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஒருவன் கழுத்திலும் தலை இருக்காது."

குசலர் பெயர்க்கத் தொடங்கினார். வெண்காடர் கையமர்த்தினார்.

"விட்டுடுங்க ராசா. பிள்ளைகுட்டிக்காரங்க."

வகுப்பில் ஒருநாளும் கேட்டிராத குரல் அது. குசலருக்கு அந்தக் கணம் ஆசானை அடையாளம் தெரியவில்லை.

விலங்குகள் கழன்றன.

"வாத்தியார் இனி நம்மோடுதானே?" என்று அமைச்சர் கேட்டார்.

"வந்த கப்பலிலேயே போகட்டும். அடுத்தவன் கொடியைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு இங்கே யார் பாய் விரிப்பது?" என்றார் மன்னர்.

தீவின் துறைமுகத்தில் மாலுமிகள் முதலில் இறங்கினர். துறை அதிகாரி ஒவ்வொருவராக விசாரித்தார். பன்னிருவரும் ஒன்றையே சொன்னார்கள்: "அவர் அவர்கள் மொழியில் பேசினார். என்ன பேசினார் என்று எங்களுக்குத் தெரியாது."

வெண்காடர் கரையிறங்கக் கூடாது என்று ஆணை வந்தது.

குசலர் கரைக்குப் போய்க் கப்பலுக்குத் திரும்பினார். "நீங்கள் சபையில் பேசியதை அதிகாரியிடம் பெயர்த்துச் சொன்னேன், ஐயா. நீ அவருடைய மாணவன்தானே என்கிறார் அதிகாரி."

"அதில் என்ன பிழை? மாணவன்தானே நீ?"

குசலர் கயிற்றேணியில் ஒரு காலை வைத்தபடி நின்றார்.

"அந்தப் பன்னிரண்டு உயிருக்காகத்தான் பேசினேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், ஐயா. அரசியின் கையிலேயே சேர்க்கிறேன். உங்களை இறக்கிவிடுவார்கள்."

கரையில் மாலுமி ஒருவனின் மனைவி அவனது மணிக்கட்டுப் புண்ணைத் தடவிக்கொண்டிருந்தாள். வெண்காடர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி எழுதுவேன், குசலா? முப்பது ஆண்டு கழித்து ஒருவர் என்னை என் மொழியில் பேசச் சொன்னார். அந்தப் பன்னிருவர் இல்லாவிட்டாலும் பேசியிருப்பேன்."

குசலர் ஏணியில் இறங்கினார்.

நாகைப் பக்கத்துத் தோணிக்காரர் இருவர் சொல்லும் வடிவில் வெண்காடர் சபையில் வாய் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை மாலுமிகள் வெட்டப்படுகின்றனர். திரும்பிவந்த தூதருக்குத் தீவு பட்டாடை போர்த்துகிறது. அவ்வடிவத்தில் மாணவர் எதுவும் கேட்பதில்லை.